விசிறியின் வேகத்தை வெப்பம் முடிவுசெய்யட்டும்

புக்கிட் பாத்தோக் வட்டாரத்திற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அவற்றுள் ஒன்று ஒலியைப் பற்றியது. ‘புக்கிட்’ என்றால் மலாய்மொழியில் குன்று. ‘பாத்தோக்’ என்பது இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது அந்தக் கதை. முன்பு இங்கே கல் உடைக்கும் குவாரிகள் இருந்தன. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தபோது எழுந்த ஓசை, குன்றே இருமுவதுபோல் கேட்டதாம். இன்று அங்கே வெடிச்சத்தம் இல்லை. குவாரி ஒன்றில் நீர் நிறைந்து, ‘லிட்டில் குய்லின்’ என்று மக்கள் அன்போடு அழைக்கும் பூங்காவாக அது மாறிவிட்டது. ஒரு காலத்தில் இரைச்சலுக்குப் பெயர்போன இடத்துக்கு இப்போது மக்கள் அமைதியைத் தேடிச் செல்கிறார்கள்.

குன்று இருமுவதை நிறுத்திவிட்டது. ஆனால், அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குள் வேறோர் இருமல் கேட்கிறது. அது கணினி விசிறியின் ஓசை. இரவு பதினொரு மணி. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் திட்டப்பணிக்கான காணொளியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். அதே அறையில் தொடக்கநிலையில் படிக்கும் தங்கை தூங்குகிறாள். சுவருக்கு அப்பால் அதிகாலை வேலைக்குப் போகவேண்டிய அப்பா படுத்திருக்கிறார். திடீரென்று கணினி விசிறி ‘விர்ர்’ என்று சீறுகிறது, சில விநாடிகளில் அடங்குகிறது, மீண்டும் சீறுகிறது. இத்தகைய வீடு நம்மில் பலருக்குப் புதிதன்று.

இந்தச் சிறிய சிக்கலை எப்படித் தீர்ப்பது? விசிறியை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டால்தான் கணினி பத்திரமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சத்தம் பிடிக்காத சிலர் விசிறியை நிறுத்திவிடவே விரும்புகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழலவேண்டும் என்பதைக் கணினிக்குள் இருக்கும் வெப்பம்தான் முடிவுசெய்யவேண்டும். தேவையான அளவு காற்று வீச வேண்டும். தேவைக்கு மேல் ஓசை எழக்கூடாது. இதைக் கணினி வல்லுநர்களின் தனி விருப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. நெருக்கமாக வாழும் நம்மைப் போன்ற மக்களுக்கு இது ஒரு நல்ல பழக்கம்.

முதலில், கணினிக்கு விசிறி ஏன் தேவை என்று பார்ப்போம். கணினியின் செயலி பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. மேசைக்கணினியின் செயலி, வேலை ஏதுமின்றி இருக்கும்போது சுமார் 10 முதல் 20 வாட் மின்சாரத்தையே பயன்படுத்தும். அதுவே கடினமான வேலையில் ஈடுபடும்போது 100 வாட்டையும் தாண்டக்கூடும். பழைய காலத்துக் குண்டு விளக்கு ஒன்று வெளியிட்ட அளவு வெப்பம் அது. அந்த வெப்பம் முழுவதும் கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சில்லிலிருந்து வெளிவரவேண்டும். அதனால், சில்லின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசையைத் தடவி, அதன்மேல் பல மெல்லிய தகடுகள் கொண்ட உலோகத் தொகுதியைப் பொருத்துகிறார்கள். சில்லின் வெப்பம் தகடுகளுக்குப் பரவுகிறது. அந்தத் தகடுகளின் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுவதே விசிறியின் வேலை.

விசிறி தன் வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இக்காலச் செயலிகள் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ளும். வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது பல செயலிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது திரை தடுமாறும், விளையாட்டு தாமதமாகும், காணொளியைத் தொகுக்க நீண்ட நேரம் பிடிக்கும். வெப்பம் இன்னும் ஏறினால் கணினி தானாகவே அணைந்துவிடும். சேமிக்காத வேலை அத்தோடு போய்விடும். நீண்ட காலம் மிகுந்த வெப்பத்தில் இயங்கினால் செயலியைச் சுற்றியுள்ள மற்ற மின்னணுப் பாகங்களின் ஆயுளும் குறையும். எனவே, அமைதிக்காக வெப்பத்தை மறந்துவிட முடியாது.

நம் ஊரின் வானிலையையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். விசிறியால் அறையில் உள்ள காற்றைத்தான் வீச முடியும். அது புதிதாகக் குளிரை உண்டாக்குவதில்லை. எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும், சில்லின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் கொண்டுவர இயலாது. குளிர்நாட்டில் அறை 20 டிகிரியில் இருக்கலாம். சிங்கப்பூரில் குளிர்சாதனம் இல்லாத அறை 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அறை பத்து டிகிரி சூடாக இருந்தால், அதே வேலையைச் செய்யும் சில்லும் ஏறத்தாழ பத்து டிகிரி கூடுதல் சூடாக இருக்கும். ஆகவே, குளிர்நாட்டில் இருப்பவர் தம் கணினிக்குத் தேர்ந்தெடுத்த அமைப்பை நாம் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது. நம் அறையில், நம் கணினியில் அளந்து பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

அளப்பதற்கான வசதி கணினிக்குள்ளேயே இருக்கிறது. செயலிக்குள் வெப்ப உணரிகள் உள்ளன. அவை வெப்பநிலையை இடைவிடாமல் அளந்து சொல்கின்றன. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு அந்த எண்ணைப் படித்து, விசிறிக்கு ஆணை அனுப்புகிறது. இன்றைய மேசைக்கணினி விசிறிகள் பலவற்றில் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பிகள் 12 வோல்ட் மின்சாரத்தைத் தருகின்றன. மூன்றாவது கம்பி, விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைத் திருப்பிச் சொல்கிறது. விசிறி ஒருமுறை சுற்றும்போது இரண்டு துடிப்புகள் இந்தக் கம்பி வழியாகச் செல்லும். அவற்றை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். நான்காவது கம்பிதான் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையைக் கொண்டுசெல்கிறது.

அந்த ஆணை அனுப்பப்படும் முறை சுவையானது. விளக்கின் சுவிட்சை மிக வேகமாகப் போட்டு அணைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைந்திருந்தால், வெளிச்சம் குறைவாகத் தெரியும். விசிறிக்கும் அப்படித்தான். விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை ‘ஓடு’, ‘நில்’ என்ற துடிப்புகள் மாறிமாறிச் செல்கின்றன. ‘ஓடு’ என்னும் துடிப்பு நீளமாக இருந்தால் விசிறி வேகமாகச் சுழலும். குறுகலாக இருந்தால் மெதுவாகச் சுழலும். ஏன் 25,000 முறை? மனிதரின் காது பொதுவாக விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கும் மேலான வேகத்தில் துடிப்புகளை அனுப்பினால், அவற்றால் எழும் மெல்லிய கீச்சொலி நம் காதில் விழாது. அமைதியைப் பற்றிய அக்கறை இந்த வடிவமைப்பிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

எந்த வெப்பநிலைக்கு எந்த வேகம் என்று குறிப்பிடும் கோட்டை ‘விசிறி வளைகோடு’ என்பார்கள். கணிதப் பாடத்தில் நாம் வரையும் வரைபடம் போன்றதுதான் அது. கிடைமட்டக் கோட்டில் வெப்பநிலை. செங்குத்துக் கோட்டில் விசிறியின் வேகம். எடுத்துக்காட்டாக, 50 டிகிரி வரை விசிறி தன் முழுத் திறனில் 30 விழுக்காட்டில் இயங்கலாம். 65 டிகிரியில் 45 விழுக்காடு, 75 டிகிரியில் 70 விழுக்காடு, 85 டிகிரியைத் தாண்டினால் முழு வேகம் என்று அமைக்கலாம். கட்டுரை எழுதும்போதும் இணையத்தில் படிக்கும்போதும் கணினி முதல் நிலையிலேயே பெரும்பாலும் இருக்கும். அதாவது, ஒரு நாளின் பெரும்பகுதிக்குச் சத்தம் தேவையே இல்லை.

வளைகோடு வரைந்துவிட்டால் மட்டும் போதாது. சில்லின் வெப்பநிலை நொடிக்கு நொடி மாறக்கூடியது. ஒரு செயலியைத் திறந்தவுடன் அது சட்டென்று பத்து டிகிரி ஏறி, உடனே இறங்கிவிடலாம். விசிறி ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பின்னால் ஓடினால், ‘விர்ர்’ என்ற ஓசை எழுந்தும் அடங்கியும் நம்மை எரிச்சலூட்டும். சீரான ஓசையைக் காது விரைவில் மறந்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் ஓசையை அதனால் மறக்க முடியாது. இதற்கு ஒரு வழி உண்டு. வெப்பம் சில விநாடிகள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் மட்டுமே வேகத்தைக் கூட்டு. சில டிகிரி நன்றாக இறங்கிய பிறகே வேகத்தைக் குறை என்று அமைத்துவிடலாம். பதறாமல் சற்றுப் பொறுத்துச் செயல்படும்படி விசிறிக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் பயன் நாம் நினைப்பதைவிடப் பெரியது. 2,000 சுற்றுகளில் ஓடும் விசிறியை 1,000 சுற்றுகளுக்குக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றின் அளவு பாதியாகும். ஆனால், ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்கு ஓசை பாதியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆக, பாதிக் காற்றை விட்டுக்கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட இரைச்சல் மறைந்துவிடுகிறது. செயலி சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் பாதிக் காற்றே போதுமானதைவிட அதிகம். பெரிய விசிறியைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. அகலமான இறக்கைகள் மெதுவாகச் சுழன்றாலே போதிய காற்றைத் தள்ளிவிடும்.

நல்ல தூக்கத்திற்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது. கிசுகிசுப்பாகப் பேசும் அளவு ஓசை அது. முழு வேகத்தில் சீறும் கணினி விசிறி இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். தங்கையும் தம்பியும் அண்ணனும் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சன்று. மறுநாள் காலையில் ஒரு பிள்ளை வகுப்பில் விழிப்போடு இருக்குமா, தூங்கி வழியுமா என்பதைப் பற்றியது.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. இதை ‘மும்மடி விதி’ என்று சொல்லலாம்: இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. உண்மையைச் சொல்லப்போனால், வீட்டுக் கணினி விசிறி ஒன்று சில வாட் மின்சாரத்தையே பயன்படுத்துகிறது. அதைக் குறைப்பதால் நம் மின்கட்டணம் பெரிதாக இறங்கிவிடாது. ஆனால், ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் இயங்கும் ஓரிடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே அதே விதி மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

அப்படிப்பட்ட இடங்களே தரவு நிலையங்கள். நாம் அனுப்பும் செய்திகளும் பார்க்கும் காணொளிகளும் அங்குள்ள கணினிகளில்தான் தங்கியிருக்கின்றன. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குச் சென்றது. நிலமும் மின்சாரமும் குறைவாக உள்ள நாடு என்பதால், 2019ஆம் ஆண்டில் புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு 2022ஆம் ஆண்டில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த நிலையங்களில் கணினிகளை இயக்குவதற்கு மட்டுமன்றி, அவற்றைக் குளிர்விப்பதற்கும் ஏராளமான மின்சாரம் செலவாகிறது.

அதனால், 2023ஆம் ஆண்டில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென ஒரு தரநிலையை அறிமுகப்படுத்தியது. தரவு நிலையங்களை மிகக் குளிராக வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணத்தை அது மாற்ற முனைந்தது. படிப்படியாக 26 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் கணினிகளை இயக்கலாம் என்று அது வழிகாட்டுகிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் குளிர்விக்கும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்று ஆணையம் தெரிவித்தது. பெரிய நிறுவனங்கள் இன்று கற்றுக்கொள்ளும் பாடமும் நம் அறையில் உள்ள கணினி கற்றுத்தரும் பாடமும் ஒன்றுதான்: தேவைக்கு மேல் குளிர்விப்பது பாதுகாப்பாகாது, அது வீண்செலவு.

இக்கருத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்கவேண்டும். “விசிறி முழு வேகத்தில் ஓடினால் கணினி மேலும் குளிர்ச்சியாக இருக்கும். அதில் என்ன தவறு?” என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்ச்சி சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால், 60 அல்லது 70 டிகிரியில் நலமாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்ட சில்லை 50 டிகிரிக்கு இறக்குவதால் அது நமக்கு வேகமாகக் கட்டுரை எழுதித் தரப்போவதில்லை. மாறாக, வேகமாகச் சுழலும் விசிறி அதிகத் தூசியை உள்ளே இழுக்கிறது. அதன் அச்சும் விரைவில் தேய்கிறது. தூசி படிந்த தகடுகளின் வழியாகக் காற்று செல்லாது. கடைசியில் கணினி முன்னைவிடச் சூடாகிறது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று நம் பெரியோர் சொன்னது காற்றுக்கும் பொருந்தும்.

இதற்கு நேர்மாறாக, “விசிறியே இல்லாமல் கணினி செய்துவிடலாமே” என்று சிலர் வாதிடலாம். இந்த ஆசை புதிதன்று. 1980ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ‘ஆப்பிள் 3’ என்ற கணினியை வெளியிட்டது. விசிறியின் ஓசை வேண்டாம் என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் உறுதியாக இருந்தார். விசிறி இல்லாமலேயே அது விற்பனைக்கு வந்தது. ஆனால், பல கணினிகள் பழுதடைந்தன. உள்ளிருந்த சில்லுகள் தம் இடத்திலிருந்து நழுவின. வெப்பமே காரணம் என்று பலர் குறைகூறினர். கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சில்லுகள் மீண்டும் சரியாக அமரும் என்றுகூட அப்போது ஆலோசனை சொல்லப்பட்டது. அந்தக் கணினி சந்தையில் வெற்றி பெறவில்லை.

சரியாக 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020ஆம் ஆண்டில், அதே நிறுவனம் விசிறி இல்லாத மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. இம்முறை அது நன்றாக இயங்கியது. என்ன மாறியது? குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்யும் சில்லை உருவாக்கியிருந்தார்கள். வெளியேற்றவேண்டிய வெப்பமே குறைந்துவிட்டதால் விசிறிக்கு வேலை இல்லாமல் போனது. நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் கற்றல் சாதனங்களிலும் விசிறி இல்லாதவை உண்டு. வெப்பத்தைக் குறைத்துவிட்டுப் பெறும் அமைதியே நிலைக்கும். வெப்பத்தை மறைத்துவிட்டுப் பெறும் அமைதி நிலைக்காது. விசிறி தேவைப்படும் கணினி நம்மிடம் இருக்கும்வரை, அதை அடைத்துவைக்காமல் அறிவோடு இயக்குவதே நம் கடமை.

“காதொலிக் கருவியை அணிந்துகொண்டால் போயிற்று” என்று சொல்வோரும் உண்டு. அது கணினியின் முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் தீர்வு. அறையில் தூங்குபவருக்கு அல்ல. தன் காதை மூடிக்கொண்டு மற்றவர் காதைத் திறந்துவிடுவது நியாயமாகாது. மேலும், விசிறியின் இரைச்சலை மறைப்பதற்காக ஒலியைக் கூட்டிக் கேட்பது நம் செவிக்கும் நல்லதன்று.

“தயாரிப்பாளர்களே எல்லாவற்றையும் அமைத்துத் தருகிறார்கள். நாம் ஏன் கைவைக்க வேண்டும்?” என்ற கேள்விதான் இவற்றுள் வலுவானது. பெரும்பாலான கணினிகளில் வெப்பத்திற்கேற்ப விசிறியை இயக்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது பலருக்குப் போதும். ஆனால், எந்த அறையில், எந்த வெப்பத்தில், யார் பக்கத்தில் அந்தக் கணினி இயங்கப்போகிறது என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. அவர் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவை வைக்கிறார். கடையில் வாங்கும் சட்டை ஓரளவு பொருந்தும். தையல்காரர் சற்றுத் திருத்திக் கொடுத்தால் நன்றாகப் பொருந்தும். இதுவும் அப்படித்தான். தவிர, எதையும் மாற்றாவிட்டாலும், அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதில் இழப்பு எதுவுமில்லை.

தேவைக்கேற்ப இயங்கும் பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. பால் பொங்கி வரும்போது அம்மா அடுப்பின் தீயைக் குறைக்கிறார். சோற்றுப்பானை சோறு வெந்ததும் தானாகவே சூடாக வைத்திருக்கும் நிலைக்கு மாறுகிறது. நம் வீடுகளில் உள்ள ‘இன்வெர்ட்டர்’ வகைக் குளிர்சாதனங்கள், அறை குளிர்ந்ததும் தம் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. குளிர்சாதனத்தின் வெப்பநிலையை 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கும்படி அரசாங்கமும் நம்மை ஊக்குவிக்கிறது. வெப்பமண்டல நாடாகிய சிங்கப்பூரின் வளர்ச்சியில் குளிர்சாதனத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்று நம் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ பலமுறை பாராட்டியிருக்கிறார். அந்தக் குளிர்ச்சியை அளவோடு பயன்படுத்துவது அடுத்த தலைமுறையின் பொறுப்பு.

அமைதியும் அப்படிப்பட்ட ஒரு பொதுச் சொத்துதான். நாம் ஒருவருக்கொருவர் மிக அருகில் வாழ்கிறோம். மேல்மாடியில் நாற்காலியை இழுத்தால் கீழ்மாடியில் கேட்கிறது. விரைவு ரயில் தரைக்கு மேலே ஓடும் பல இடங்களில் நிலப் போக்குவரத்து ஆணையம் ஒலித்தடுப்புகளை அமைத்துள்ளது. இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை அண்டைவீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பது நாம் அறிந்த அறிவுரை. அந்த அமைதி நேரத்தை இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணிவரை நீட்டிக்கலாம் என்று 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. கணினி விசிறியின் ஓசை அண்டைவீட்டுக்குப் போகாது. ஆனால், அண்டைவீட்டாருக்குக் காட்டும் அக்கறையை நம் அறையில் தூங்கும் தங்கைக்கும் காட்டவேண்டாமா?

அப்படியானால், மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? முதலில், கணினி மூச்சுவிட இடம் கொடுக்கவேண்டும். மடிக்கணினியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். விசிறி மூச்சுத்திணறி இரையும். கடினமான மேசைமேல் வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இரண்டாவதாக, சில மாதங்களுக்கு ஒருமுறை, கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியை அகற்றவேண்டும். மூன்றாவதாக, தேவையற்ற செயலிகளையும் இணையப் பக்கங்களையும் மூடிவிடவேண்டும். வேலை குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் விசிறி தானே அடங்கும்.

இவற்றைச் செய்த பிறகும் ஓசை குறையாவிட்டால், விசிறியின் அமைப்பைப் பார்க்கலாம். பல கணினிகளில் ‘அமைதி’, ‘சமநிலை’, ‘செயல்திறன்’ போன்ற தெரிவுகள் இருக்கின்றன. இரவில் அமைதி நிலையையும், கடினமான வேலை இருக்கும்போது செயல்திறன் நிலையையும் தேர்ந்தெடுக்கலாம். சொந்தமாக வளைகோடு வரைய விரும்புவோர் மூன்று விதிகளை மறக்கக்கூடாது. செயலியின் விசிறியை முழுவதுமாக நிறுத்தக்கூடாது. வெப்பம் மிகும்போது விசிறி முழு வேகத்தை எட்டும் வழியை அடைக்கக்கூடாது. மாற்றம் செய்த பிறகு, கணினிக்குக் கடினமான வேலை கொடுத்து, அரைமணி நேரம் வெப்பநிலையைக் கவனிக்காமல் விடக்கூடாது. பள்ளிமூலம் பெற்ற சாதனமாக இருந்தால், ஆசிரியரைக் கேட்காமல் எந்த அமைப்பையும் மாற்றக்கூடாது. குடும்பம் பகிர்ந்துகொள்ளும் கணினியாக இருந்தால் பெற்றோரிடம் முதலில் சொல்லவேண்டும்.

பள்ளிகளும் இதை ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம். அறிவியல் பாடத்தில் வெப்பக் கடத்தலைக் கற்கிறோம். கணிதப் பாடத்தில் வரைபடம் வரைகிறோம். கணினிப் பாடத்தில் ‘இப்படியானால் இதைச் செய்’ என்று நிரல் எழுதுகிறோம். இம்மூன்றும் ஒரு சிறிய விசிறிக்குள் ஒன்றுகூடி இருக்கின்றன. ஒரு வெப்ப உணரியையும் ஒரு விசிறியையும் கொடுத்து, ‘குறைந்த ஓசையில் இந்த உலோகத்தை 60 டிகிரிக்குக் கீழே வைத்திருங்கள்’ என்று ஒரு குழுவிடம் சொன்னால் போதும். பாடநூல் பத்துப் பக்கங்களில் விளக்குவதை அவர்கள் ஒரு பிற்பகலில் கைப்பட உணர்ந்துகொள்வார்கள்.

முழு வேகத்தில் ஓடுவது எப்போதும் திறமையின் அடையாளம் அன்று. எப்போது விரையவேண்டும், எப்போது அடங்கவேண்டும் என்று அறிந்திருப்பதே திறமை. அதற்கு முதலில் அளக்கவேண்டும். பிறகு, தேவையான அளவுக்குச் செயல்படவேண்டும். ஒரு சிறிய விசிறியை அப்படி இயக்கப் பழகியவர், குளிர்சாதனத்தையும் தண்ணீர்க் குழாயையும் விளக்கையும் அதே கண்ணோடு பார்ப்பார். இன்றிரவு உங்கள் கணினி இரைந்தால் எரிச்சல் கொள்ளாதீர்கள். அது சூடாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்கிறது. ஏன் சூடாகிறது என்று கண்டுபிடியுங்கள். அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் வேலையும் கெடாது. பக்கத்தில் தூங்குபவரின் உறக்கமும் கெடாது.